பொதுவா நேராத்தான் போகும்

மாமனார் படியில் சறுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு இன்றோடு பத்தொன்பது நாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, எதையாவது பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். "கூட்டிட்டுப் போங்க. ஆனா குளியலறையில ரெண்டு கைப்பிடிக் கம்பி போட்ட பிறகுதான்" என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொன்னதும், "அதுக்கென்ன, எங்க வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துல போட்டுடுவாரு" என்று மூத்த மகள் அங்கேயே வாக்குக் கொடுத்ததும் போன வாரம் நாம் பார்த்தது.

அந்த நாள் வந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மாமனார் வீடு திரும்புகிறார்.

வாக்கைக் காப்பாற்ற வேண்டிய மூத்த மாப்பிள்ளை, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். நூலிழை பிசகினாலும் வாங்கியவருக்குத் தலைவலி வந்துவிடுகிற வேலை. சொந்தத்தில் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடிக்காரர்'. இளைய மாப்பிள்ளை பல் டாக்டர். "எனக்குக் கண்ணுக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர்" என்று மாமியார் போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அது ஒரு நாள் கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று ஆகும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை.

கண்ணாடிக்காரர் கடைக்கு லீவு போட்டிருந்தார். டிரில் மெஷின் பேட்டரிகளுக்கு முந்தின நாளே சார்ஜ் ஏற்றியாகிவிட்டது. காரில் போகும்போது பையைத் திறந்து மூன்றையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"எத்தனை தடவை பாப்பீங்க?" என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த மனைவி. "கைக்குழந்தைக்குப் பால் பாட்டில் எடுத்து வச்ச மாதிரி."

அவருக்கு அவை கைக்குழந்தைகள்தான். ஐந்து வருஷம் முன்பு கட்டில் கால் ஆடியபோது வயரில்லாத டிரில் ஒன்றை வாங்கினார். மறு வருஷம் சமையலறை அலமாரிக்காக ஸ்க்ரூ முறுக்கும் மெஷின். பிறகு ஜன்னல் சட்டத்துக்கு வளைவு ரம்பம், பழைய மேஜைக்குத் தேய்ப்பு மெஷின், போன வருஷம் வட்ட ரம்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒரு காத்திருப்பு, கடைக்காரரிடம் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே பேட்டரி. எறும்பு சேர்த்த மாதிரி சேர்த்தது. வீட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு மெஷினின் உருவத்தையும் பென்சிலால் வரைந்து, அதன் மேலேயே அதை மாட்டி வைத்திருந்தார்.

மாமியார் வீட்டு வாசலில் பல் டாக்டரின் கார் ஏற்கெனவே நின்றிருந்தது.

"இவரு எதுக்கு வந்தாரு?"

"அவருக்கும் மாமனார்தானேங்க" என்றாள் மனைவி.

உள்ளே கூடத்தின் நடுவில் பெரிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. பல் டாக்டரின் கிளினிக் விளம்பரப் பலகையில் ஒரு பெண் சிரிப்பாளே, அந்தப் பல்வரிசை மாதிரி அதற்குள் பன்னிரண்டு மெஷின்கள். எல்லாம் புத்தம் புதுசு. இரண்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"அண்ணா! வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்று பல் டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படியிருக்கு? உங்களைப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு. ஒரே பேட்டரிக் குடும்பமா வாங்குங்கன்னு சொன்னீங்கல்ல, அதையே பிடிச்சுக்கிட்டேன்."

சொன்னது உண்மைதான். ஆறு மாசம் முன்பு போனில் ஒரு மணி நேரம் குரு ஸ்தானத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்திருந்தார். 'ஒன்னொன்னா வாங்குங்க டாக்டர், ஒன்னைப் பழகிட்டு அடுத்ததுக்குப் போங்க' என்றும் சொல்லியிருந்தார். சீடர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்.

"நல்லா இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். உள்ளே புகைந்தது, வெளியே பல் தெரிந்தது.

"எடுத்துப் பாருங்கண்ணா, எடை எப்படியிருக்குன்னு."

எடுத்துப் பார்த்தார். தன்னுடையதைவிடக் கனம் குறைவு, சக்தி அதிகம். பிடி உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அது சுமாரான சாமானாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இருந்த எரிச்சலோடு அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

மாமியார் டீயோடு வந்தார். "பெரிய மாப்பிள்ளை, இன்னைக்கு நீங்க சிரமப்படாதீங்க. சின்னவரு புதுசா எல்லாம் கொண்டாந்திருக்காரு. உங்க மெஷினும் பாவம், பழசாயிடுச்சு. நீங்க கூட நின்னு பாத்துக்கங்க."

கூட நின்று பார்ப்பதா? பதினாறு வருஷமாக இந்த வீட்டில் தொங்கிய கதவை நிமிர்த்தியது யார்? ஒழுகிய தொட்டியை அடைத்தது யார்? 'பெரியவருக்குக் கை ராசி' என்று போன மாதம் வரை சொன்ன வாய்தானே இது!

"அத்தை சொல்றது சரிதான்" என்றார். டீ தொண்டையில் சுட்டது.

"அப்படியெல்லாம் இல்ல, ஆளுக்கு ஒன்னு போடலாம்ணா" என்றார் பல் டாக்டர்.

"வேணாம் டாக்டர். ஒரே கையில முடிஞ்சாத்தான் நேரா வரும். நீங்களே போடுங்க."

மனைவி திரும்பி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். ஒரு சொட்டை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவாள்.

முதல் கம்பி கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில். பல் டாக்டர் ரசமட்டம் பிடித்துக் கோடு போட்டார். டைல்ஸில் முனை வழுக்காமலிருக்க ஒட்டு நாடா ஒட்டினார். கண்ணாடிக்காரர் தூசி உறிஞ்சும் குழலைக் கீழே பிடித்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான்.

டைல்ஸில் விரிசல் விழட்டும் என்று ஆசைப்பட்டார். இதை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஆசையோடுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விழவில்லை. பல் டாக்டர் மெஷினை மெதுவாகச் சுற்றவிட்டு, டைல்ஸ் தாண்டிய பிறகுதான் அடிக்கிற விசைக்கு மாற்றினார். பதினைந்து வருஷம் மனுஷர் வாய்க்குள் துளை போட்ட கை, நடுங்கவில்லை. நாலு துளை, நாலு தக்கை, நாலு ஸ்க்ரூ. கம்பி சுவரோடு பிறந்த மாதிரி நின்றது.

மாமியார் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். "இரும்பு மாதிரி இருக்கே!"

"அது இரும்புதான்மா" என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். கொஞ்சம் பிந்தி.

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு மாமியாரும் மனைவியும் சமையலறைக்குப் போனார்கள். இரண்டாவது கம்பி ஷவருக்குக் கீழே, குழாய்த் திருகுக்கு வலப்பக்கம். பல் டாக்டர் கோடு போட்டு நாலு புள்ளி வைத்தார்.

இடப்பக்கப் புள்ளியைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குத் திக்கென்றது.

போன வருஷம் இந்தச் சுவர் ஈரம் கசிந்தபோது பிளம்பர் வந்து உடைத்துப் பார்த்தார். அன்று பக்கத்தில் நின்றிருந்தவர்கள் மாமனாரும் இவரும். உள்ளே ஒரு பழைய கான்கிரீட் தூண் குறுக்கே நின்றதால், குழாய் நேராக மேலே போகாமல் ஒரு சாண் வலப்பக்கம் சாய்ந்து, பிறகு ஏறியது. 'யார் இப்படிக் கோணலாப் போட்டான்' என்று பிளம்பர் திட்டியதுகூட நினைவிருந்தது. பல் டாக்டர் புள்ளி வைத்திருந்தது அந்தச் சாய்வின் மேல்.

பல் டாக்டர் மெஷினைத் தூக்கியவர், நிறுத்தினார்.

"அண்ணா, குழாய் இங்க இருந்து நேரா ஷவருக்குத்தானே போகும்? நான் வச்ச இடம் தள்ளித்தானே இருக்கு?"

கேள்வி அவ்வளவு பளிச்சென்று வந்தது. 'இல்ல, வளையுது' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது.

"பொதுவா நேராத்தான் போகும்" என்றார் கண்ணாடிக்காரர்.

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. மெஷின் டைல்ஸைத் தொட்டது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வெள்ளைத் தூள் விழுந்தது. இப்போதும் சொல்லலாம். தூள் சாம்பல் நிறமாகியது. இன்னும் ஒரு விரற்கடைதான், இப்போதாவது...

தண்ணீர் பீறிட்டு பல் டாக்டரின் நெஞ்சில் அடித்தது.

"ஐயய்யோ! அண்ணா! அண்ணா!"

மெஷின் தரையில் விழுந்தது. பல் டாக்டர் கட்டை விரலைத் துளையில் வைத்து அழுத்த, தண்ணீர் விரலைச் சுற்றி விசிறியாக விரிந்து கூரை வரை போனது. மாமியார் ஓடி வந்து வாசலில் நின்று அலறினார். கண்ணாடிக்காரர் மொட்டை மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறி, தொட்டி வால்வை மூடினார். துருப்பிடித்த வால்வு. கைத்தோல் உரிந்தது. அந்த எரிச்சல் அவருக்கு ஏனோ கொஞ்சம் இதமாக இருந்தது.

இறங்கி வந்தபோது மணி பன்னிரண்டரை. பல் டாக்டர் தொப்பலாக நனைந்து, வென்ற ஆட்டத்தைக் கடைசிப் பந்தில் தோற்றவர் மாதிரி நின்றிருந்தார்.

"என் தப்புத்தான் அத்தை. அவசரப்பட்டுட்டேன்."

"தெரியாத வேலையில ஏன் கை வைக்கணும்?" என்று வெடித்தார் மாமியார். "நாலு மணிக்கு அந்த மனுஷன் வரப்போறாரு. வீட்ல பொட்டுத் தண்ணி கிடையாது. புது மெஷின் இருந்தாப் போதுமா? பெரியவர்கிட்ட விட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

காலையிலிருந்து கண்ணாடிக்காரர் கேட்கத் தவித்த வார்த்தைகள் அவை. காதில் விழுந்தபோது இனிக்கவில்லை.

பிளம்பருக்குப் போன் போட்டால், "நாளைக்குக் காலையிலதான் சார் வர முடியும்" என்றார்.

"நான் பாக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

சுவரைத் திறந்து, ஓட்டை விழுந்த துண்டை அறுத்து எடுத்துவிட்டு, புதுத் துண்டு வைத்து ஒட்ட வேண்டும். டைல்ஸை அறுக்க அவரிடம் மெஷின் இல்லை. பல் டாக்டரின் பெட்டியில் இருந்தது. பேட்டரியையும் அவரே மாட்டிக் கையில் கொடுத்தார். "இதை அழுத்துங்கண்ணா, வேகம் இங்க கூட்டிக்கலாம்." பள்ளிக்கூடத்துப் பிள்ளை பென்சில் நீட்டுவது மாதிரி நீட்டினார்.

கண்ணாடிக்காரர் பென்சிலால் சுவரில் கோடு போட்டார். குழாய்த் திருகிலிருந்து ஆரம்பித்து, வலப்பக்கமாகச் சாய்ந்து ஒரு சாண் போய், அங்கிருந்து மேலே ஒரு முழம். கோட்டின் இரு பக்கமும் அறுத்தார். உளி வைத்துத் தட்டி, சாந்தைப் பெயர்த்தார். குழாய் கோட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது. மயிரிழை விலகவில்லை.

"பாரேன்! சுவத்துக்குள்ள இருக்கறதைக் கண்ணால பாத்த மாதிரி கோடு போட்டாரு!" என்று மாமியார் கன்னத்தில் கை வைத்தார்.

"நிஜமாவே பெரிய ஆளுண்ணா நீங்க" என்றார் பல் டாக்டர்.

இடிபாட்டை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்த மனைவி அந்தச் சாய்ந்த கோட்டையே பார்த்தாள். மற்றவர்கள் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அங்க வளையுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டை இருந்த இடத்தை வச்சு ஒரு ஊகம்."

"ஊகத்துக்கு நீங்க கோடு போட்டு நான் பாத்ததில்ல. நாலு தடவை தட்டிப் பாப்பீங்க, அஞ்சாவது தடவை அளந்து பாப்பீங்க."

அவர் பசை டப்பாவின் மூடியைத் திருகுவதில் மும்முரமானார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணிக்குள் புதுத் துண்டு ஒட்டியாகிவிட்டது. இரண்டாவது கம்பியைக் குழாய் ஓடாத எதிர்ச் சுவரில் இவரே போட்டார். மூன்றரைக்கு வால்வைத் திறந்தபோது ஒரு சொட்டுக் கசியவில்லை. பல் டாக்டர் தரையைத் துடைத்துத் துணியைப் பிழிந்தார். திறந்து கிடந்த சுவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மறைத்தார்கள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்த இளைய மகள், ஒரு கையில் மருந்துப் பையும் ஒரு கையில் அவர் தோளுமாக இறங்கினாள். மாமனார் இளைத்திருந்தார். ஆனால் குரல் இளைக்கவில்லை.

"முதல்ல அந்தக் கம்பியைக் காட்டுங்க. அதுக்காகத்தானே டாக்டர் என்னைப் பிடிச்சு வச்சிருந்தாரு."

குளியலறை வாசலில் எல்லோரும் கூடினார்கள். மாமனார் முதல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தார், எழுந்தார். இரண்டாவதைப் பிடித்து நின்றார். முகம் மலர்ந்தது. பிறகு பிளாஸ்டிக் தாள் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"நான் ஓட்டை போட்டுட்டேன் மாமா. குழாய் உடைஞ்சிருச்சு" என்றார் பல் டாக்டர், தலையைக் குனிந்துகொண்டு.

மாமனார் தாளை விலக்கிப் பார்த்தார். "இங்க குழாய் வளைஞ்சு போகுமே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"அது யாருக்குத் தெரியும்?" என்றார் மாமியார்.

மாமனார் பதில் சொல்வதற்குள் கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கண்ணைக் கட்டி வைத்திருந்த மாதிரி இருந்தது. அதுதான் அவரைக் குத்தியது.

"எனக்குத் தெரியும் மாமா" என்றார்.

"ஆமா, நீங்களும் நின்னு பாத்தீங்கல்ல."

மாமியார் அவசரமாகக் குறுக்கே வந்தார். "ஒரு வருஷம் ஆச்சே! மறந்திருப்பாரு, பாவம்."

கதவைத் திறந்து வைத்து, போய்விடு என்று சொன்ன மாதிரி இருந்தது. ஒரு தலையாட்டல் போதும்.

"மறக்கலை அத்தை."



பல் டாக்டர் நிமிர்ந்தார். "நான் கேட்டேனேண்ணா. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். பொதுவா நேராத்தான் போகும்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

பல் டாக்டர் கூடத்துக்குப் போய் மெஷின்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்ணாடிக்காரர் பின்னாலேயே போனார்.

"டாக்டர், நான்..."

"என்கிட்ட என்னண்ணா இருக்கு, நீங்க பொறாமைப்படறதுக்கு?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு. இந்த வீட்ல ஒரு பல்பு போனாக்கூட 'பெரியவரைக் கூப்பிடு'ம்பாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். என்கிட்ட பல்லைத் தவிர யாரும் எதையும் காட்டினதில்ல. என் பொண்டாட்டியே, 'அத்தானுக்குப் போன் போடுங்க'ன்னுதான் சொல்லுவா. ஒரே ஒரு தடவை, என்னைக் கூப்பிடட்டும்னுதான் அத்தனையும் வாங்கினேன். ஆறு மாசமா கிளினிக்குக்குப் பின்னாடி பழைய டைல்ஸை வச்சு ஓட்டை போட்டுப் பழகினேன்."

தன் வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்தான் எரிகிறது என்று கண்ணாடிக்காரர் இத்தனை நாள் நினைத்திருந்தார். எதிர் வீட்டிலும் அதே அடுப்புத்தான் எரிந்திருக்கிறது.

"நாளைக்கு அந்தச் சுவத்துக்கு டைல்ஸ் ஒட்டணும்" என்றார் மெல்ல. "வாங்க. நீங்க ஒட்டுங்க. நான் சாந்து குழைச்சுத் தர்றேன்."

பல் டாக்டர் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வர்றேன் என்று சொல்லப் போகிறவர் மாதிரித்தான் இருந்தது.

அதற்குள் இளைய மகள் வெளியே வந்தாள். தோளில் பை. "கிளம்பலாம்" என்றாள் புருஷனிடம்.

"அப்பா இப்பதானே வந்திருக்காரு..."

"அப்பாவை அக்கா பாத்துப்பா." கார்க் கதவைத் திறந்தவள், திரும்பி நின்றாள். பதினாறு வருஷமாக அத்தான் அத்தான் என்று காலைச் சுற்றி வந்தவள் அவள். "ஒரே ஒரு கேள்வி அத்தான். தண்ணிக் குழாய்ங்கறதால நனைஞ்சதோட போச்சு. அந்தச் சுவத்துல கரண்ட் வயர் ஓடியிருந்தா, அப்பவும் 'பொதுவா'ன்னுதான் சொல்லியிருப்பீங்களா?"

இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவள் நம்பலாம். ஆனால் மெஷின் டைல்ஸைத் தொட்டதிலிருந்து தண்ணீர் பீறிட்டது வரை, சொல்லலாம் சொல்லலாம் என்று தான் நின்றுகொண்டே இருந்த அந்த நேரம் அவர் கண்முன் வந்தது. கார்க் கதவு சாத்திக்கொண்டது.

கார் தெருமுனை திரும்பி மறைந்தது.

அவர் திரும்பினார். வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். தங்கை கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. பதில் வருகிறதா என்று அவளும்தான் காத்திருந்தாள்.